அறுபதுக்குப் பிறகு தட்டில் என்ன? வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட சொல் ‘கஞ்சி’. வயதானவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் கஞ்சியாகக் கொடுப்பது, அதையும் அரை டம்ளர் கொடுப்பது என்று பல வீடுகளில் ஆகிவிட்டது. வயது ஏற ஏறப் பசி குறையும், உண்மைதான். ஆனால் உடம்புக்கு வேண்டிய புரதமும் கால்சியமும் அதோடு சேர்ந்து குறைவதில்லை, கூடவே செய்கின்றன. கொஞ்சமாகச் சாப்பிடுகிறவரின் தட்டில்தான் சத்து செறிவாக இருக்க வேண்டும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. பத்து மாதத்தில் 63 கிலோவிலிருந்து 58-க்கு வந்துவிட்டார். காலையும் ராத்திரியும் அரிசிக் கஞ்சி, மத்தியானம் கொஞ்சம் ரசம் சாதம், மோர். “இந்த வயசுக்கு இது போதும்மா” என்கிறார். வயதானால் இளைப்பது சகஜம்தானே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சகஜம் என்று விட்டுவிடாதீர்கள். எடையைக் குறைக்க எந்த முயற்சியும் எடுக்காமலே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் இறங்கினால், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இறங்கியிருப்பது கிட்டத்தட்ட 8 பங்கு. சர்க்கரை, தைராய்டு, காசநோய், குடல் கோளாறு, புற்றுநோய், மனச்சோர்வு என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். பொருந்தாத பல்செட்கூடக் காரணமாக இருக்கலாம். சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இதயத்துக்கான டிகாக்சின் போன்றவை சிலருக்குப் பசியை மந்தமாக்கும்.

அடுத்தது தட்டு. நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே கணக்குப் போட்டுப் பார்த்தோம். காலைக் கஞ்சிக்கு 40 கிராம் அரிசி என்று வைத்தால் புரதம் 3 கிராம். ராத்திரியும் அதே 3. மத்தியானம் 80 கிராம் அரிசியில் 6. ரசத்தில் இருப்பது பருப்பு கரைந்த தண்ணீர். 1 கிராம் வந்தால் பெரிது. மோரில் 2. இரண்டு வேளை காபிக்கு ஊற்றும் பாலில் 3. ஆக 18 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அளவுப்படி, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அது 48 கிராம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் பற்றாது, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-இல் பன்னாட்டு முதியோர் மருத்துவ நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. அந்தக் கணக்கில் 58 முதல் 70 கிராம். அவருக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வெளியிலிருந்து வராத புரதத்தை உடம்பு தன் தசையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தரையிலிருந்து எழக் கையூன்றுவது, பேருந்துப் படி ஏறத் தயங்குவது எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

சரி, 60 கிராமை எப்படிக் கொண்டுவருவது? ஒரே வேளையில் திணித்தால் பயனில்லை. தசைக்கு ஒவ்வொரு வேளையும் 20 கிராம் அளவுக்குப் புரதம் வந்துகொண்டிருக்க வேண்டும். காலையில் 3 இட்லி, 20 கிராம் துவரம்பருப்பு போட்ட கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை: 16 கிராம். பதினோரு மணிக்கு 150 மில்லி பால்: 5. மத்தியானம் அதே 80 கிராம் அரிசிச் சாதத்தோடு 30 கிராம் பருப்பும் 75 கிராம் மீனும்: 26. மாலையில் 30 கிராம் பாசிப்பயறு வேகவைத்த சுண்டல்: 7. ராத்திரி சின்னதாக இரண்டு அடை, ஒரு கிண்ணம் தயிர்: 13. மொத்தம் 67. சைவம் என்றால் முட்டைக்குப் பதில் 30 கிராம் பன்னீர், மீனுக்குப் பதில் 20 கிராம் சோயா உருண்டை. அப்போதும் 60-ஐத் தாண்டிவிடும். எல்லாமே சமைப்பதற்கு முன்பு எடுத்த எடை. சிறுநீரகக் கோளாறோ, கிரியேட்டினின் கூடுதலோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

கஞ்சியை விட மாட்டேன் என்கிறாரா? விட வேண்டாம், கஞ்சியைத் திருத்துங்கள். 25 கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் 90 கலோரிதான் இருக்கிறது, மீதி தண்ணீர். அதே அரிசியோடு 15 கிராம் வறுத்த பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவிடுங்கள். இறக்கியதும் வறுத்த வேர்க்கடலையைப் பொடித்து 10 கிராம், நல்லெண்ணெயோ நெய்யோ ஒரு டீஸ்பூன். டம்ளர் அதே டம்ளர்தான், கலோரி 240, புரதம் 8 கிராம். வேர்க்கடலையை நைஸாகப் பொடிக்காவிட்டால் பல்செட்டுக்கு அடியில் மாட்டி உறுத்தும். அப்புறம் அவர் கஞ்சியையே ஒதுக்கிவிடுவார்.

ரசத்தையும் தண்ணீரையும் முதலில் கொடுக்காதீர்கள். வயிறு நிரம்பிவிடும். கெட்டியானது முதலில், நீர்த்தது கடைசியில். சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் காபியும் வேண்டாம்.

ஒன்று பாக்கி இருக்கிறது. புரதம் மட்டும் போட்டால் தசை வளராது. தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு. ஆசிய நாடுகளின் தசைநலிவு ஆய்வுக் குழு 2019-இல் வகுத்த அளவின்படி, 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை நலிந்திருக்கலாம். கெண்டைக்காலின் பருத்த இடத்தைத் தையல் டேப்பால் அளந்து பார்க்கலாம்: ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. இதற்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும். அந்த எழுந்து உட்காருவதே மருந்தும்கூட. காலை, மாலை ஐந்து ஐந்து முறை தொடங்கி, இரண்டு வாரத்தில் பத்துப் பத்தாக்குங்கள். மூச்சை அடக்கக் கூடாது. நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: மருந்துக்கடையில் முதியோர் புரதப் பவுடர் என்று ஒரு டின் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: டின்னைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். சர்க்கரையோ மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியோ முதல் இரண்டு இடத்தில் இருந்தால் நீங்கள் வாங்குவது இனிப்பு மாவு. பிறகு 100 கிராமில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். சாதாரணக் கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் 35 கிராமுக்கு மேல் இருக்கும். 20 கிராம்கூட இல்லாத டின்னுக்கு அதிக விலை கொடுப்பானேன்?

வீட்டில் செய்ய வேண்டியது சுலபம். 150 மில்லி பாலில் 15 கிராம் பால் பவுடரைக் கரைத்தால் 5 கிராமாக இருந்த புரதம் 10 ஆகிவிடும். கொதிக்கும் பாலில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டும். கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துக்கொண்டு ஊற்றுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பொட்டுக்கடலை மாவு இருக்கிறது, 20 கிராமில் 4 கிராம் புரதம். மோரில் கரைத்து உப்பு, சீரகம் போட்டுக் கொடுக்கலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மென்று விழுங்கவே முடியாதபோது, படுக்கைப் புண் இருக்கும்போது பவுடருக்கு ஒரு தேவை உண்டு. அப்போது எந்தப் பவுடர், எத்தனை கரண்டி என்பதை டயட்டீஷியன் எழுதித் தரட்டும்.

கேள்வி: மாமியாருக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. எலும்புக்கும் நல்லது, சர்க்கரைக்கும் நல்லது என்று தினமும் காலையில் முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கிறேன். ஆனால் காலைச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கும் ரத்தச் சர்க்கரை 240-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. கேழ்வரகு நல்லதில்லையா?
– வாசகி, தருமபுரி

பதில்: கேழ்வரகின் மேல் குற்றமில்லை. நீங்கள் அதை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முளைவிடும்போது தானியத்துக்குள் அமிலேஸ் என்ற நொதி ஊறும். அது மாவுச்சத்தைச் சிறு சிறு சர்க்கரைத் துண்டுகளாக உடைக்கத் தொடங்கும். முளைகட்டிய மாவுக் கஞ்சி லேசாக இனிப்பதும், எவ்வளவு மாவு போட்டாலும் கெட்டியாகாமல் நீர்த்துப்போவதும் அதனால்தான். ஏற்கெனவே பாதி உடைந்து, நைஸாக அரைபட்டு, தண்ணீரில் வெந்து, டம்ளரில் கடகடவென்று இறங்கும் மாவுச்சத்து ரத்தத்தில் ஏற எத்தனை நேரம் ஆகும்? அதோடு வெல்லமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மாமியாருக்கு முளைகட்டாத கேழ்வரகு மாவைக் களியாகவோ, முருங்கைக்கீரை போட்ட அடையாகவோ கொடுங்கள். மாவு 40 கிராமுக்கு மேல் வேண்டாம். கூடவே கெட்டியான பருப்புக் குழம்போ முட்டையோ இருக்கட்டும். களியைக் கடித்து, குழம்பில் தோய்த்துச் சாப்பிடும்போது வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். மூன்று நாள் கொடுத்துவிட்டு, சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து சரியாக 2 மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். அவருக்கு எந்த அளவு ஒத்துக்கொள்கிறது என்று அந்த எண்ணே சொல்லிவிடும். இறங்கவில்லை என்றால் மருந்தின் அளவை மருத்துவர் பார்க்க வேண்டும். சாப்பாட்டை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போகாதீர்கள்.

கால்சியம் பற்றியும் ஒரு வார்த்தை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் இருப்பதோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் ஒரு வேளைக்குப் போடும் 30 கிராமில் 110 மில்லிகிராம்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தேவை 1200. 200 மில்லி பாலில் 240, ஒரு கிண்ணம் தயிரில் 180, 50 கிராம் முருங்கைக்கீரையில் 150, எள்ளுப்பொடி 10 கிராமில் 120-க்கு மேல். இவற்றோடு கேழ்வரகும் சேர்ந்தால் 800 வந்துவிடும். மற்ற பருப்பு, காய்களில் இன்னும் கொஞ்சம். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை குறைவு. பாலக்கீரையை மட்டும் கால்சியத்துக்காக நம்ப வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முளைகட்டிய மாவை வீணாக்க வேண்டியதில்லை. முதல் கேள்வியில் வந்த கும்பகோணத்துப் பெரியவரைப் போல இளைத்துப்போய், சர்க்கரையும் இல்லாதவர்களுக்கு அது நல்ல மருந்து. கஞ்சி நீர்த்துப்போகிறது என்றால் ஒரே டம்ளரில் இரண்டு பங்கு மாவைக் கொள்ளவைக்கலாம் என்று பொருள். செய்முறை இது: 1 கிலோ கேழ்வரகைக் கல் பொறுக்கி மூன்று தண்ணீரில் அலசி, 10 முதல் 12 மணி நேரம் ஊறவிடுங்கள். நடுவில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். வடித்து, ஈரத்துணியில் தளர்வாகப் பரப்பிக் கட்டி 24 முதல் 36 மணி நேரம் வையுங்கள். காலை, மாலை தண்ணீர் தெளியுங்கள். அரை செ.மீ. வெள்ளை முளை போதும். மூட்டையை இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறிப் புளித்துவிடும். புளித்த வாடையோ வழவழப்போ இருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். நிழலில் ஒரு நாள், வெயிலில் ஒரு நாள் காயவைத்து, பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடையும் பதம் வந்ததும் சிறு தீயில் வாசம் வரும் வரை மட்டும் வறுத்து அரையுங்கள். சரியாகக் காயாத தானியம் டப்பாவுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிவக்க வறுத்தால் நொதி செத்துவிடும், கஞ்சி நீர்க்காது. கொஞ்சமாக அரைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

கேள்வி: 70 வயதில் முட்டை மஞ்சள் கரு சாப்பிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரு முழு முட்டையால் தொந்தரவில்லை. இதய நோயும் சர்க்கரையும் சேர்ந்து உள்ளவர்கள், கெட்ட கொழுப்பு கட்டுக்கு வராதவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் கருவில் வைட்டமின் டி, பி12 இரண்டும் இருக்கின்றன. வெள்ளையை மட்டும் சாப்பிட்டால் அவை போய்விடும். வேகவைத்தோ, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் ஆம்லெட்டாகவோ போதும். அரைவேக்காடு வேண்டாம். வயதானவர்களுக்குக் கிருமித்தொற்று வந்தால் தாங்காது.

கேள்வி: அம்மா சுத்த சைவம், வயது 68. பன்னிரண்டு வருடமாக மெட்ஃபார்மின், கூடவே தினமும் காலையில் கேஸ் மாத்திரை. பாதம் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது. சர்க்கரை நரம்பு என்கிறார்கள். சாப்பாட்டில் செய்ய ஏதாவது உண்டா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: முதலில் ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான காரணங்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பி12 மிருக உணவில்தான் உண்டு. சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரைகள் வயிற்று அமிலத்தைக் குறைக்கும். உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க அந்த அமிலம் வேண்டும். வயதானாலே பலருக்கு அமிலம் சுரப்பது குறைந்துவிடும். அதனால்தான் இரண்டு டம்ளர் பால் குடிக்கிறவருக்கும் குறைபாடு வருகிறது.

வீட்டிலேயே கவனிக்கலாம். முகம் கழுவக் கண்ணை மூடும்போது முன்னால் சாய்கிறாரா? இருட்டில் பாத்ரூம் போகச் சுவரைப் பிடிக்கிறாரா? நாக்கு சிவந்து வழவழவென்று இருக்கிறதா? மறதி கூடியிருக்கிறதா? ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதை வைத்து பி12 சரி என்று முடிவுகட்ட முடியாது. ரத்தம் சரியாக இருக்கும்போதே நரம்பு பழுதாகலாம். தெம்புக்கு என்று ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கிக் கொடுப்பது ஆபத்து. ரத்தசோகை மறைந்துபோகும், நரம்புக் கோளாறு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

குறைவு என்று தெரிந்தால் ஊசியா மாத்திரையா, எவ்வளவு நாள் என்பதை மருத்துவர் சொல்வார். மாத்திரையில் உள்ள பி12 உணவோடு பிணைந்தில்லாததால் அமிலம் குறைந்தவர்களுக்கும் சேரும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பாலும் தயிரும் தொடரட்டும். இட்லி மாவு புளிப்பதால் பி12 கிடைத்துவிடும் என்பதை நம்பி இருக்க முடியாது. தள்ளிப்போடாதீர்கள், ரொம்ப நாள் விட்டால் மரத்த பாதம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு 71 வயது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். நாக்குக்கு ருசி தெரியவில்லை என்று எல்லாவற்றிலும் உப்பைத் தூவிக்கொள்கிறார். சோடியம் குறைந்த உப்பு வாங்கட்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயர் தெரியாமல் வாங்காதீர்கள். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாக ஒரு பங்கு பொட்டாசியம் இருக்கும். எனாலப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் பொட்டாசியம் தேங்கும். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். உலக சுகாதார நிறுவனம் 2025-இல் இந்த உப்பைப் பற்றிப் பரிந்துரை வெளியிட்டபோதும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றே சொன்னது. அப்படிப்பட்டவர்கள் இளநீரிலும் கவனமாக இருக்க வேண்டும்.

இப்போது எவ்வளவு உப்பு போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். இரண்டு பேருக்கு 10 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 100 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், பிஸ்கட்டில் வருவதும் அந்த 5 கிராமுக்குள் அடக்கம் என்பதால், உண்மையில் இன்னும் அதிக நாள் வர வேண்டும். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

குறைக்கும்போது ஒரேயடியாகக் குறைத்தால் சண்டைதான் மிஞ்சும். சாதம் வடிக்கும்போதும், தயிரிலும், சப்பாத்தி மாவிலும் போடும் உப்பை முதலில் நிறுத்துங்கள். குழம்புக்கு வேகும்போது பாதி உப்பு, இறக்கும்போது மீதியில் பாதி. உப்பு நாக்கில் பட வேண்டுமானால் கடைசியில் போட வேண்டும். எலுமிச்சை, மிளகு, வறுத்த தனியாப்பொடி, இஞ்சி, பச்சைக் கொத்தமல்லி தாராளமாக இருந்தால் குறை தெரியாது. நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. உப்பே இல்லாத சாப்பாடு வேண்டாம். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரை (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை) சாப்பிடும் வயதானவர்களுக்குச் சோடியம் திடீரென்று இறங்குவதுண்டு. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று பிதற்றினால், தூங்கிக்கொண்டே இருந்தால், வயசு என்று விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: ராத்திரி எழுந்து போக வேண்டியிருக்கிறது என்று பாட்டி தண்ணீரே குடிப்பதில்லை.
– வாசகர், விழுப்புரம்

பதில்: வயதானவர்களுக்குத் தாகம் தெரிவதே மங்கிவிடும். அதனால் தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விட முடியாது. 200 மில்லி டம்ளரால் நாளைக்கு ஏழெட்டு. மோர், ரசம், கஞ்சி எல்லாம் இதில் சேரும். அதில் ஆறை மாலை 6 மணிக்குள் முடித்துவிட்டால் ராத்திரித் தொந்தரவு குறையும். நீர் மாத்திரை சாப்பிடுகிறவரானால், காலையிலேயே போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால், நாக்கு வறண்டு கோடு விழுந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. தோலைக் கிள்ளிப் பார்க்கும் வழக்கம் இந்த வயதில் உதவாது. தோல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவே அளவு.

கேள்வி: அத்தைக்குத் தைராய்டு, இரும்பு, கால்சியம், எலும்பு மாத்திரை. எல்லாவற்றையும் காலைக் காபியோடு சேர்த்தே விழுங்கிவிடுகிறார். தவறா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தவறுதான். இப்படி விழுங்கினால் நான்கில் எதுவுமே சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. காபிக்கும் பலகாரத்துக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழியட்டும். கால்சியமும் இரும்பும் அதைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம் கார்பனேட் என்றால் மத்தியானச் சாப்பாட்டோடு. இரும்பு மாத்திரையைக் காபி, டீ, பால் எதோடும் சேர்க்காமல், மாலையில் எலுமிச்சைச் சாறோடு. வாரம் ஒருமுறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் எலும்பு மாத்திரையானால், அதுவும் வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. அதன் பிறகு அரை மணி நேரம் படுக்கவே கூடாது. உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். அந்த ஒரு நாள் மட்டும் தைராய்டு மாத்திரையை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசெனோகூமராலோ சாப்பிடுகிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கீரையை நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் தினமும் கீரை, மறு வாரம் கீரையே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் கெடுதல். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை ஏற்றி இறக்கும். எல்லா வாரமும் ஒரே அளவாக இருக்கட்டும்.

கேள்வி: 60,000 யூனிட் வைட்டமின் டி தினமும் ஒன்று சாப்பிட்டால் மூட்டு வலி சீக்கிரம் போகுமா?
– வாசகர், வேலூர்

பதில்: தினமும் சாப்பிடவே கூடாது, இன்றே நிறுத்துங்கள். அது வழக்கமாக வாரம் ஒன்று, அதுவும் மருத்துவர் எழுதிய சில வாரங்களுக்கு மட்டும். அன்றாடத் தேவை 600 முதல் 800 யூனிட்தான். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், குழப்பம் வரும், சிறுநீரகமும் பழுதாகும். ஏற்கெனவே பல நாள் சாப்பிட்டிருந்தால் கால்சியம் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்பதானால் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பயனில்லை. வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

கேள்வி: யூடியூபில் ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் அதையே தப்பு என்கிறார். 62 வயதில் சத்துணவைப் பற்றி உருப்படியாகக் கற்றுக்கொள்ள என்ன வழி?
– வாசகி, மதுரை

பதில்: படிக்க வேண்டியது குறைவுதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை வெளியிட்டது. 17 அறிவுரைகள், இணையத்தில் இலவசம். அதே நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 528 உணவுகளின் சத்து அளவு இருக்கிறது. நம் கீரைகளும் மீன்களும் அதில் உண்டு.

ஆனால் உங்கள் சமையலறையில்தான் அதிகம் கற்கலாம். ஒரு கிச்சன் தராசு வாங்குங்கள். ஒரு வாரம் மட்டும் பருப்பு, அரிசி, எண்ணெய், பால் எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றும் முன் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். நான்கு பேருக்குச் சாம்பார் வைக்க 60 கிராம் பருப்பு போட்டால், ஒருவருக்கு 15 கிராம், அதில் புரதம் 3 கிராம். பருப்பு நிறையத்தான் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பு அந்த இடத்தில் மாறிவிடும். எண்ணெய்ப் பாட்டிலில் ஒன்றாம் தேதி ஒரு கோடு கிழித்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் எடையை ஒவ்வொரு மாதமும் அதே தேதி, அதே தராசில், காலைக்கடன் முடித்துப் பலகாரத்துக்கு முன்னால் எடுத்து அதே நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மருந்துச் சீட்டோடு அந்த நோட்டையும் கொண்டு போங்கள்.